கப்பலேறும் முன் ஒரு கோடிச் சேலை

சுடுகாட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் வா என்று ஒருத்தி கூப்பிட்டால் நம் ஊரில் அவளை என்ன சொல்வோம்? புவனஸ் அயர்ஸில் எங்களுக்கு வாய்த்த வழிகாட்டிப் பெண் அதைத்தான் சொன்னாள், அதுவும் சிரித்த முகத்தோடு. அந்த நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்களிலேயே அந்தக் கல்லறைத் தோட்டம்தான் முக்கியமாம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் பிணத்துக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும்தான் போவோம். அதற்கு மேல் ஆம்பளைகள் பாடு. கட்டின புருஷன் போனாலும் அப்படித்தான். இங்கே என்னடாவென்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் ஐஸ்கிரீமைச் சப்பிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

"வெளியில நின்னு என்ன பண்ணுவ? பாஷ தெரியாத ஊரு. வா, கூட்டத்தோட போயிட்டு வந்துருவம்" என்றார் என் வீட்டுக்காரர்.

உள்ளே தெருத்தெருவாகப் பளிங்கு வீடுகள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் பெட்டி தெரிகிறது, அதன் மேல் போட்ட துணி தெரிகிறது. படிகளில் பூனைகள் படுத்துக் கிடந்தன. அந்தப் பெண் ஒவ்வொரு வாசலிலும் நின்று யார் எப்படிச் செத்தார்கள் என்று கதை சொன்னாள். இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. ஓட்டலுக்குத் திரும்பியதும் அவரைக் கட்டிலில் உட்காரவிடாமல் குளியலறைக்குள் தள்ளித் தலைமுழுக வைத்துவிட்டுத்தான் நானும் முழுகினேன். "இந்த ஊரு சாவுக்கெல்லாம் நமக்குத் தீட்டு உண்டாடி?" என்று சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நாங்கள் அங்கே போனதே பெரிய கூத்து. அவருக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்தே ஆக வேண்டும் என்று என் நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றாள். "மாலையப் போட்டுக்கிட்டு ஊரு முன்னாடி உக்கார என்னால ஆவாது" என்று இவர் அடித்துச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் கப்பலில் போகலாம் என்று அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் ஆரம்பித்தாள். தென்னமெரிக்காவின் அடிமுனை வரைக்கும் போய் வருகிற சுற்றுலாக் கப்பல். நாங்கள் இரண்டு பேரும் முன்னதாகவே போய் ஊரைச் சுற்றிப் பார்ப்பது, மகளும் மாப்பிள்ளையும் கப்பல் புறப்படும் நாளில் வந்து சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. நான் குரும்பலூரில் பிறந்து, பெரம்பலூரில் படித்து, விக்கிரமங்கலம் பக்கம் வாக்கப்பட்டவள். இவருக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்ததால் அரியலூர் டவுனுக்குக் குடிவந்தோம். கடல் என்றால் வேளாங்கண்ணியில் கால் நனைத்தது, அவ்வளவுதான். சரி, அதையும்தான் பார்த்துவிட்டு வருவோமே என்று கிளம்பினேன். அந்தக் கப்பலை இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் நாத்தனார் எங்களை வழியனுப்ப வந்தாள். இவருக்கு ஒரே தங்கை, கூடப்பிறந்தவர்கள் வேறு யாருமில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் குரல் எங்கள் தெருவுக்குக் கேட்கும். எனக்கும் அவளுக்கும் நடக்காத சண்டை கிடையாது. என் குழம்பில் உப்பு போதாது என்பாள். நீ உப்பு தின்று தின்றுதான் உன் நாக்கு இப்படி ஆகிவிட்டது என்பேன். ஆனால் நான் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோது என் தலையைச் சீவிவிட்டவள் அவள்தான், நான் பெற்ற மகள் இல்லை. அன்றைக்கு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மெதுவாகப் பேசினாள். அவள் மெதுவாகப் பேசினாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"அண்ணி, கப்பல்ல சும்மாதான உக்காந்திருப்பீங்க. அண்ணன் மனசக் கொஞ்சம் கரைங்க. பெரியண்ணன்கிட்ட பேசச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

"பேசுறேன்டி. கப்பல்ல வச்சுப் பேசுனா எறங்கி ஓட முடியாதுல்ல" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பெரியண்ணன் என்று அவள் சொன்னது இவருடைய பெரியப்பா மகனை. இவரைவிட இரண்டு வயது மூத்தவர். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றில் வளர்ந்தவர்கள். விக்கிரமங்கலத்தில் இரண்டு பேருடைய முந்திரித் தோப்புக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை போகிறது. அதில் யார் முதலில் வேலி போட்டது என்று ஆரம்பித்த பேச்சு, ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடிப்பதில்லை என்பதில் வந்து நின்றது. எங்கள் மகள் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. கோயிலில் எதிரெதிரே பார்த்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், நரைத்த மீசையை வைத்துக்கொண்டு! பத்து வருஷமாக நடுவில் கிடந்து அல்லாடியது அந்தத் தங்கைதான். இவருக்குக் கோபம் வந்துவிடும் என்று பெரியண்ணன் வீட்டு வாசலை மிதிக்காமலே இருந்தாள்.

புவனஸ் அயர்ஸில் இறங்கிய மறுநாள் காலையில் வீடியோவில் வந்தாள். அங்கே அப்போது சாயங்காலம், பின்னால் மாடு கத்துவது கேட்டது. "என்ன தின்னீங்க?" என்றுதான் முதல் கேள்வி. சோமாசா மாதிரி ஒன்று, உள்ளே சீஸ் வைத்திருந்தார்கள் என்றேன். "ஐயய்யே" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கல்லறைத் தோட்டம், பிறகு தகர வீடுகளுக்குப் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் ஒரு பழைய துறைமுகத் தெரு, கடைசியாக ஆற்றங்கரை. அக்கரை தெரியவில்லை. ஆறு என்று சொன்னார்கள், நான் கடல் என்று நினைத்தேன். தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. "கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா இதே கலருதான்" என்று இவர் போட்டோ எடுத்தார். அந்த ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் என் போன் ஒன்றுதான். தங்கைக்கு அனுப்பப் பார்த்தபோது அதில் சார்ஜ் தீர்ந்திருந்தது. எங்கள் சார்ஜர் அந்த ஊர்ச் சுவரில் பொருந்தவில்லை. அங்கே துளைகள் சாய்வாக இருக்கின்றன. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம்.

மறுநாள் காலையில் வரவேற்பில் இருந்த அம்மாள் அதற்கு மாட்டுகிற ஒரு பிளக் கொடுத்தாள். போனை அதில் போட்டுவிட்டு நான் குளித்து வந்தேன். இவர் கண்ணாடி முன் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். போனுக்கு உயிர் கொடுத்ததும் விடாமல் மணி அடித்துத் தள்ளியது. எல்லாம் நாத்தனாரின் மூத்த மகன் கூப்பிட்ட அழைப்புகள். கடைசியில் ஒரே ஒரு வரி. அம்மா போயிட்டாங்க அத்தை.

நான் எந்த அம்மா என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவங்க அப்புடியே சாஞ்சுட்டாங்க, அத்தை. ஜெயங்கொண்டம் ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. விடிஞ்சதுலேருந்து ஒங்களுக்குத்தான் போன் போட்டுக்கிட்டு இருக்கோம்."

இவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டார். "நான் வரேன். நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. ஐஸ் பெட்டியில வையிங்க."

"மாமா, நீங்க வந்து சேர மூணு நாளு ஆயிடுமே. இங்க கரண்டு வேற நிக்க மாட்டேங்குது. வெளக்கு வக்கிறதுக்கு முன்னாடி எடுத்தாகணும்னு ஊருல பெரியவங்க சொல்றாங்க. கோடிக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கு. என்ன பண்றது, நீங்கதான் சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் அவள் உடம்பின் மேல் கடைசியாக விழும் புதுச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதுதான் கோடி. கூடப்பிறந்தவன் கையால் போட வேண்டும். புருஷன் வீட்டில் பீரோ நிறையப் பட்டு இருந்தாலும் அது சேராது. பிறந்த வீட்டுக் கோடி விழாமல் அவளைத் தூக்க ஒருவரும் முன்வர மாட்டார்கள். தூக்கினால் நாதியற்றுப் போனாள் என்று பேச்சு காலத்துக்கும் நிற்கும். கூடப்பிறந்தவன் இல்லாத இடத்தில் பங்காளி போடலாம். ஆனால் கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது, அவன் வாயால் சொல்லாமல் பங்காளி போட முடியாது.

போனில் நாத்தனார் மகன் குரலைத் தாழ்த்தினான். "பெரிய மாமா காலையிலயே வந்துட்டாரு, மாமா. சேலையோட. எதித்தாப்புல வேப்பமரத்தடியில நிக்கிறாரு. நாங்க எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்துட்டோம். தம்பி சொல்லாம நான் வாசப்படி ஏறக்கூடாதுங்குறாரு. தண்ணிகூடக் குடிக்கல."

இவர் முகம் கல்லாகிப் போனது. "அவன் கைபட்ட துணி என் தங்கச்சி மேல வுழக்கூடாது" என்றார். போனைக் கட்டில் மேல் போட்டார். அப்படியே, ஒரு பக்கம் மழித்து மறுபக்கம் மழிக்காத முகத்தோடு, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். மணி ஏழரை தாண்டியிருந்தது. அங்கே நாலு மணி. மாசி மாதம், ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். தெருவில் காப்பிக் கடைகளைத் திறந்து நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் பத்து நாய்களை ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். இவர் அவற்றுக்கு நடுவே புகுந்து நடந்தார், எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல். அறுபது வயது மனுஷனுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. பூங்கா மாதிரி ஓர் இடத்தில், ஆலமரம் போல அகலமாகப் படர்ந்து, கிளைகளுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன, எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை.

"எந்திரிங்க. போன்ல ரெண்டே வார்த்த. சொல்லிட்டு அப்பறம் அழுவுங்க" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. வாய மூடு."

"எனக்கா தெரியாது? முப்பது வருஷமா ஒங்க வூட்டு வீம்புக்குச் சோறாக்கிப் போட்டவ நான். ஒங்க தங்கச்சி மேல கோடி வுழணுங்குறது ஒங்க ஆசையா, அவரு போடக்கூடாதுங்குறது ஒங்க ஆசையா? ரெண்டுல எதுன்னு சொல்லிட்டு உக்காருங்க!"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று எங்களைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எந்தப் பாஷையில் கத்தினாலும் சண்டை சண்டைதான். இவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"நான் போடணும்டி. என் கையால போடணும். அவளுக்குக் கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன்தான. நான் இல்லாம எப்புடி அவ போவா? இந்த ஊருக்கு வந்து, மாடு மாதிரி ஊரு சுத்திக்கிட்டு..." அதற்கு மேல் பேச முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து அழுதார்.

வீம்பு என்று நான் நினைத்தது எல்லாம் வீம்பில்லை. அந்த அழுகையில் பாதிக்கு மேல் ஆற்றாமைதான். ஒரு அண்ணன் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் அது ஒன்றுதான், அதுவும் கையை விட்டுப் போகிறது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். ஆனால் அங்கே வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறதே. அவள் வாசலில் கிடக்கிறாளே. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நாத்தனார் மகனைக் கூப்பிட்டேன். "பெரிய மாமாகிட்ட போனக் குடு" என்றேன். அவன் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் ஸ்பீக்கரில் போட்டு இவர் மடியில் வைத்தேன்.

பத்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது.

"மாமா, நாந்தான் பேசுறேன்."

"சொல்லும்மா."

"இவரு..." என்று ஆரம்பித்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அவரே. "அவன் மேல தப்பில்ல. அவன் எடத்துல நான் இருந்தாலும் அப்புடித்தான் சொல்லுவேன். அவன் வரட்டும். ஜெனரேட்டருக்குச் சொல்லிட்டேன். பெரியவங்க கால்ல வுழுந்தாவது மூணு நாளு நிறுத்தி வக்கிறேன். சேலையும் எங்கிட்டயே இருக்கட்டும். அவன் வந்ததும் அவன் கையில குடுத்துடறேன். அவனே போடட்டும். நான் பின்னால நின்னுக்குறேன், அது போதும். பதறி அடிச்சுக்கிட்டு வர வேணாம்னு சொல்லு. சாப்பிட்டானா?"

இவர் மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் அழுகுரல்கள் கேட்டன, ஒப்பாரி கேட்டது. "தம்பி சாப்பிட்டானாம்மா?" என்று மறுபடி கேட்டார்.

"அண்ணே" என்றார் இவர்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார் போல, ஒப்பாரிச் சத்தம் சட்டென்று அமுங்கியது.

"அண்ணே, அவளப் பெட்டியில போட்டு வக்காத. மூணு நாளு வேணாம். அவளுக்குக் குளுரு ஆவாது."

"சரிடா."

"நீ போடு."

"நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன். உள்ள போண்ணே. வெயில்ல நிக்காத."

அதன் பிறகு வீடியோவில் பார்த்தோம். நாத்தனார் மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரியண்ணன் பின்னாலேயே நடந்தான். படம் குலுங்கிக் குலுங்கி வந்தது. முதலில் வேட்டி தெரிந்தது, பிறகு வாசல்படி, பிறகு பந்தல். கூட்டம் விலகி வழிவிட்டது. இந்த மனுஷன் இப்படியா கிழண்டு போனார் என்று எனக்குத் திக்கென்றது. தலை முழுக்க நரைத்து, முதுகு வளைந்திருந்தது. மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. பிரித்து இரண்டு கையாலும் விரித்தார். ஒரு முனை தரையில் பட்டது. சட்டென்று தூக்கி அதைத் தன் சட்டையில் துடைத்தார். அவள் முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள் என்று சொல்வார்களே, அப்படியெல்லாம் இல்லை. செத்துப்போனவளாகத்தான் இருந்தாள். என் நாத்தனார் வாயை மூடிக்கொண்டு கிடப்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் சேலையைக் கழுத்திலிருந்து கால்வரை பரப்பி, காலடியில் செருகிவிட்டார்.

எடுப்பதற்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி கேட்பது எங்கள் பக்கத்து முறை. பிறந்த வீட்டுக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் பாடையைத் தொடுவார்கள்.

"பொறந்த வூட்டுக் கோடி வந்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

இவர் பெஞ்சை விட்டு எழுந்து நின்றார். போனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அங்கே எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். இவருடைய அண்ணன் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராகப் போனைப் பார்த்தார்.

"வந்தாச்சுங்க" என்றார் அண்ணன். "ரெண்டு பேரும் வந்துட்டோம்."